மடக்குக் கத்தியில் பணம் போகவேண்டிய இடம்

குறைந்த விலைக்குக் கிடைக்கும் மடக்குக் கத்தி ஒன்றின் தரத்தை அதன் பளபளப்போ, கைப்பிடியின் வேலைப்பாடோ, ஒரே பிடிக்குள் அடக்கிய கருவிகளின் எண்ணிக்கையோ முடிவு செய்வதில்லை. அலகு எந்த எஃகால் ஆனது, அந்த எஃகுக்குத் தோய்ச்சல் எப்படிக் கொடுக்கப்பட்டது, அலகும் கைப்பிடியும் சேரும் கீல் எவ்வளவு நேராகவும் இறுக்கமாகவும் அமைந்திருக்கிறது என்னும் மூன்றுமே முடிவு செய்கின்றன. விலையைக் குறைக்க முனையும் உற்பத்தியாளர் எங்கேனும் சிக்கனம் பிடித்தே ஆகவேண்டும் என்பதால், அந்தச் சிக்கனம் அலங்காரத்தில் நடந்ததா, எஃகில் நடந்ததா என்று கண்டறிவதே வாங்குபவர் முதலில் செய்யவேண்டியது.

அலங்காரத்தில் சிக்கனம் பிடித்து அலகில் தாராளம் காட்டிய கத்திக்குச் சிறந்த சான்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில் பிறந்த ஓப்பினெல் கத்தியாகும். கோடரியும் அரிவாளும் அடிக்கும் கொல்லுப்பட்டறைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் ஓப்பினெல் 1890-ல் இதை உருவாக்கினார். 1897-க்குள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட அளவுகளில் இது விற்பனைக்கு வந்தது. இன்று பரவலாக வாங்கப்படும் எட்டாம் எண் கத்தியின் அலகு ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் நீளமுடையது. கடைசலில் உருட்டிப் பள்ளம் அறுத்த பீச் மரக் கைப்பிடி, அதற்குள் மடங்கும் மெல்லிய அலகு, இரண்டையும் கோக்கும் ஓர் ஆணி, மரம் பிளந்துவிடாமல் தலைப்பை இறுக்கும் ஓர் எஃகுப் பட்டை ஆகியவையே அதன் தொடக்ககால உறுப்புகள். 1955-ல் அந்தப் பட்டையின்மேல் சுழலும் பூட்டு வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது; பிளவுடைய அந்த வளையத்தைக் கட்டைவிரலால் சற்றுத் திருப்பினால், பிளவு அலகின் பாதையிலிருந்து விலகி, வளையத்தின் முழுப்பகுதி அலகின் அடியை மறித்து நிற்பதால், வெட்டும்போது கத்தி விரல்மேல் மடங்குவதில்லை. ஐந்தே உறுப்புகளில் முடிந்துவிடும் இந்த அமைப்பில் செலவு மிச்சமாவதுடன், கெட்டுப்போகக்கூடிய இடங்களும் குறைகின்றன. மரம் ஈரத்தில் உப்பி அலகைப் பிடித்துக்கொள்வது இதன் குறையென்றே சொல்லவேண்டும். அப்போது பூட்டைத் திறந்து, கைப்பிடியின் பின்முனையைக் கடினமான பரப்பில் தட்டி அலகை வெளிவரச் செய்வது சவோய் மக்களின் வழக்கம். அடைமழைக் காலத்திலும் கடலோரத்திலும் கத்தியை ஈரத்தோடு மடக்கி வைக்காதிருப்பது அதைவிட நல்லது.

எஃகைப் பொறுத்தவரை இதே கத்தி இரண்டு வகையாகக் கிடைப்பது ஒப்பிட்டுப் பார்க்க வசதியானது. முதல்வகை கார்பன் எஃகு. இரும்போடு சுமார் 0.9 விழுக்காடு கார்பன் சேர்ந்த இது எளிதில் மிகுந்த கூர்மையை ஏற்கும் என்றாலும், எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும், ஈரம் தங்கினால் துருவும் ஏறும். இரண்டாம் வகை துருப்பிடிக்காத எஃகு; குரோமியம் என்னும் உலோகம் இதில் 13 விழுக்காட்டுக்கு மேல் கலந்து, மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. பழத்துக்கும் சமையலுக்கும் பயணத்துக்கும் இரண்டாம் வகையே பொருந்தும். துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உடையவர்களுக்கு முதல்வகை நிறைவு தரும்.

ஆயினும் எஃகின் பெயரைவிட அதற்குக் கொடுத்த தோய்ச்சலே பெரிது. கார்பன் எஃகை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியசுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால் அது மிகக் கடினமாகிறது, கூடவே கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் அடைகிறது. ஆகவே மீண்டும் 200 டிகிரி அளவில் மெல்லச் சூடேற்றி, கடினத்தில் சிறிது விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுகிறார்கள். இவ்வாறு கிடைத்த கடினத்தை ராக்வெல் அளவையால் குறிப்பர். வைரக் கூம்பு ஒன்றைக் குறிப்பிட்ட பாரத்தோடு உலோகத்தில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைக் கொண்டு கணக்கிடும் முறை இது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் பேனாக்கத்திகளின் அலகு இந்த அளவையில் 56 எண்ணை ஒட்டி அமைகிறது. எண் அதற்கு மிகவும் கீழே போனால் கூர் விரைவில் மழுங்கும். மிகவும் மேலே போனால் வீட்டுச் சாணைக்கல்லுக்கு அலகு மசியாது. எஃகின் வகையையும் கடின எண்ணையும் தெளிவாக அச்சிட்டுத் தரும் நிறுவனம், பிழை நேர்ந்தால் பிடிபடத் தயாராக இருக்கிறது. ‘அறுவை மருத்துவத் தர எஃகு’ என்று மட்டும் பொறித்த கத்தி எந்த உறுதிமொழியையும் தருவதில்லை.

தோய்ச்சலைக் கடையில் சோதிக்க இயலாது, கீலைச் சோதிக்கலாம். கத்தியை முழுதும் விரித்து, அலகின் முதுகையும் பக்கங்களையும் பிடித்து மெல்ல அசைத்தால், பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ ஆட்டம் இருக்கக்கூடாது. மடக்கிப் பார்க்கையில் அலகு கைப்பிடியின் ஒருபக்கச் சுவரில் உரசாமல் நடுவில் அமரவேண்டும். பூட்டே இல்லாமல், வில்தகட்டின் அழுத்தத்தால் மட்டும் விரிந்து நிற்கும் பேனாக்கத்திகளும் நல்லவையே. ஆனால் அவற்றால் குத்துவதும் முதுகில் அழுத்தம் விழும்படி நெம்புவதும் ஆகாது. கைப்பிடிக்குள்ளிருந்து ஒரு தகடு வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்கும் பூட்டாயின், அத்தகடு ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்காமல் நன்கு உள்ளே ஏறி நிற்கிறதா என்று பார்ப்பது கட்டாயம், ஏனெனில் மலிவான கத்திகள் விரலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிறகு வெட்டுவிளிம்பை விளக்கொளியில் பிடித்துப் பார்க்கவேண்டும். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். விளிம்புக்கு மேலே அலகு தடித்திருந்தால் அது வெட்டுவதற்குப் பதிலாகப் பிளக்கும் என்பதால், காய்கனிக்கும் கயிற்றுக்கும் மெல்லிய அலகே உகந்தது.

ஆலை கொடுத்த கூர் சில வாரங்களில் போய்விடும் ஆதலால், கத்திக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை நல்ல சாணைக்கல்லுக்கு வைப்பதே முறை. கல்லை நனைத்து, அலகை ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 டிகிரி சாய்வில் பிடித்து, ஒரு பக்கம் தேய்த்ததும் மறுபக்க விளிம்பில் விரல்நுனிக்கு மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரை தேய்க்கவேண்டும்; பிசிறு விளிம்பு முழுதும் எழுந்த பின்னரே பக்கத்தை மாற்றி, இறுதியில் லேசான கையால் மாறிமாறி இழுத்து அதை நீக்கவேண்டும்.