தாமரையிலையும் புத்தாடையும்



தாமரையிலையில் தண்ணீர் ஒட்டாது என்பதை அறியாதார் இலர். அஃது ஏன் ஒட்டவில்லை என்பதை 1970-களில் மின்னணு உருப்பெருக்கியின் துணைகொண்டு ஆராயத் தொடங்கியவர் செருமனி நாட்டு நிலைத்திணை அறிஞர் வில்லெம் பார்த்லாட்டு ஆவார். 1997-ஆம் ஆண்டில் நைன்யூசு என்பாரோடு அவர் இணைந்தெழுதிய கட்டுரை அவ்வுண்மையை உலகறியச் செய்தது. இலையின் மேற்புறம் வழவழப்பானதன்று. கண்ணுக்குப் புலனாகாத மேடுகள் நிறைந்தது. அம்மேடுகளின்மேல் அவற்றினும் நுண்ணிய மெழுகுத் துணுக்குகள். நீர்த்துளி அவற்றின் நுனியில் நிற்கின்றது. அடியில் காற்று தங்குகின்றது. ஆகலின் துளி உருண்டோடுகின்றது. ஓடுங்கால் தூசையும் வாரிச் செல்கின்றது.

இத்தகைய பண்பைத் துணிக்கு ஊட்டுவது, உலகம் 'நானோ' என வழங்கும் மீநுண் நுட்பத்தின் பணிகளுள் ஒன்று. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். பருத்தி இழை ஒன்றின் தடிமனில் அத்தகைய கூறுகள் 10,000-க்கு மேல் அடங்கும். நீரும் கறையும் ஒட்டாத மேலாடை, துத்தநாகச் சேர்மத்தால் புறஊதாக் கதிரைத் தடுக்கும் துணி, வெள்ளித் துகளால் நாற்றந் தரும் நுண்ணுயிரைக் கொல்லும் காலுறை ஆகியன இந்நுட்பத்தின் பயன்கள். துகள்கள் மிக நுண்ணியவாதலின் துணியின் மென்மை பெரிதும் கெடுவதில்லை.

ஆயின், ஆடை உடுத்துவதோடு முடிவதன்று. அது வெளுக்கவும் படுகின்றது. வெளுத்த நீரில் எஃது கலக்கின்றது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளியேற்றிய காலுறைகளை நீரில் அலசிப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். சில காலுறைகள் ஒருசில அலசல்களிலேயே தம் வெள்ளியின் பெரும்பகுதியை இழந்தன. வேறு சில அதனை ஏறத்தாழ முழுமையாய்த் தக்கவைத்தன. குறை வெள்ளியிலன்று, அதனை இழையில் பிணித்த முறையிலேயே என்பதற்கு இதுவே சான்று. உதிர்ந்த வெள்ளியோ நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகலாம்.

நீரொட்டாத் துணிகளின் நிலையும் இதுவே. தாமரை மெழுகாலும் வடிவாலும் செய்ததைத் தொழிலகங்கள் பல புளோரின் சேர்மங்களால் செய்தன. அவை எளிதில் மட்கா. நீரிலும் மண்ணிலும் நெடுங்காலம் நிற்பன. அதனாற்றான் பிரான்சு நாடு 2025-இல் சட்டம் இயற்றி, காப்புடை போன்ற சிலவற்றுக்கு விலக்களித்து, 2026 சனவரி முதல் ஆடைகளில் அவற்றைத் தடுத்தது.

துணித்தொழிலின் கழிவு ஓர் ஆற்றை என் செய்யும் என்பதைத் தமிழ்நாடு பட்டறிந்துள்ளது. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் கெட்டது. ஒரத்துப்பாளையம் அணைநீர் உழவுக்கு உதவாததாயிற்று. 2011-இல் சென்னை உயர்முறைமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, ஆற்றோடு தொழிலாளர் பிழைப்பும் அடிபட்டது. சாயமேனும் கண்ணுக்குத் தெரிந்தது. மீநுண் துகளோ தெரியாது.

ஆகலின் இந்நுட்பத்தை வெறுக்க வேண்டா. வினவாமல் ஏற்கவும் வேண்டா. எத்தனை வெளுப்புக்கு நிற்கும், உதிர்வது எது, அஃது எங்கே செல்லும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறிய பின்னரே எத்துணியும் தறியிலிருந்து கடைக்கு வருதல் வேண்டும். தாமரை தான் வாழும் குளத்தைக் கெடுப்பதில்லை. அதனைப் பார்த்து நெய்வோர் அப்பாடத்தையும் கற்பாராக!