மண்மேல் வேண்டாம், கல்மேல்

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அப்படியொரு மர யானையைத் தோட்டத்தில் வைக்க ஆசையா? தாராளமாக வையுங்கள். ஆனால் மண்மேல் வைக்காதீர்கள்.

சிற்பத்தின் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் நுண்துளைகள் தெரியும். மரம் உயிரோடு நின்றபோது தண்ணீர் ஏறிய வழி அது. செதுக்கிய பிறகும் அந்த வழியாக ஈரம் ஏறும். ஈரம் ஏறினால் பூஞ்சை. மண்ணைத் தொட்டால் கறையான். எத்தனை நாள் உளி பிடித்துச் செய்த வேலை! அது உளுத்துப் போகலாமா?

கொல்லையில் பழைய அம்மிக்கல் சும்மா கிடக்குமே, அதன்மேல் நிறுத்துங்கள். செங்கல் வேண்டாம், அதுவும் ஈரம் குடிக்கும். மண்மேல் வேண்டாம், கருங்கல்மேல். சாரல் படாத இடமானால் இன்னும் நல்லது. ஏற்கெனவே மண்ணில் வைத்திருப்பவர்கள், மழைக்காலம் வருமுன் ஒருமுறை தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.