யானை தேடிய துறைமுகம்



திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டுக்காகக் கடலை நோக்கி எழுந்தருள்கிறார். யானை முன்னே நடக்க, ஊர்வலம் விமான நிலையத்து ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் சேரும். அம்மாலையில் விமானங்கள்தாம் காத்திருக்கும், யானை காத்திருப்பதில்லை. யானைக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று பார்த்து நிற்போர்க்குத் தோன்றலாம். உறவு உண்டு. அது மேற்கே நெடுந்தொலைவில், ஒரு போர்க்களத்தில் தொடங்குகிறது.

கி.மு. 323இல் அலெக்சாந்தர் பாபிலோனில் மாண்டபோது, அரசாளும் வயதில் அவருக்கு மைந்தன் இல்லை. படைத்தலைவர்கள் பேரரசைக் கூறு போட்டனர். எகிப்து தாலமியிடம் சென்றது. பாபிலோன் பின்னர் செலூக்கசுக்கு வாய்த்தது. ஒற்றைக்கண்ணர் ஆன்டிகோனஸ் ஆசியா மைனரில் வலிமை பெற்றார். பங்கு பிரித்த நாளிலேயே பகையும் பிறந்தது. பாகப்பிரிவினை கண்ட குடும்பங்களை நாமும் அறிவோம். நம்மவர் வரப்புக்கு வழக்காடுவர். இவர்கள் நாடுகளுக்காக நாற்பதாண்டு போரிட்டனர்.

அவர்களுள் செலூக்கஸ் சிந்துவைக் கடந்து வந்தார். எதிரே நின்றவர் சந்திரகுப்த மௌரியர். கி.மு. 303ஐ ஒட்டி உடன்படிக்கை ஏற்பட்டது. சிந்துவுக்கு மேற்கிலிருந்த சில நாடுகளைச் செலூக்கஸ் விட்டுக்கொடுத்தார். ஐந்நூறு யானைகளைப் பெற்றுக்கொண்டார். நாட்டைக் கொடுத்து யானையை வாங்கியவர் ஏமாந்தவரா? கி.மு. 301இல், இன்றைய துருக்கியிலுள்ள இப்சஸ் களத்தில் விடை கிடைத்தது. ஆன்டிகோனசின் மகன் டெமெட்ரியஸ் குதிரைப்படையுடன் பகைவரைத் துரத்திக்கொண்டு நெடுந்தூரம் போய்விட்டான். திரும்ப முயன்றபோது இடையே யானைகள் சுவர் போல் நின்றன. எண்பது வயதைத் தாண்டிய தந்தை, மகன் வந்துவிடுவான் என்று கடைசி வரை எதிர்பார்த்தே களத்தில் வீழ்ந்தார். அந்த யானைகள் மௌரியப் படையைச் சேர்ந்தவை. நம் சையமலைக்கு அப்புகழில் பங்கு கேட்க வழக்கில்லை.

இனி எகிப்தின் தொல்லையைக் கேளுங்கள். இந்திய யானை வேண்டுமென்றால் வழியெல்லாம் செலூக்கசு மரபினரின் நாடு. பகைவன் வீட்டு வாசல் வழியே யானையை ஓட்டி வர இயலுமா? ஆதலால் இரண்டாம் தாலமி ஆப்பிரிக்கக் காடுகளில் யானை பிடிக்கத் தொடங்கினார். யானை ஏற்றுவதற்கென்றே தனிக்கப்பல்கள் இருந்தன. அவை வந்தடையச் செங்கடற்கரையில் துறைகள் எழுந்தன. கி.மு. 275ஐ ஒட்டி எழுந்த பெரனிகே, அவர்தம் தாயின் பெயர் பூண்டது.

இம்மன்னர்கள் ஓயாது போரிட்ட காலத்தில்தான் அசோகர் பாறைகளில் எழுதுவித்தார். கலிங்கப்போர்க் கொடுமைக்கு வருந்திய பதின்மூன்றாம் கல்வெட்டில் ஐந்து யவன அரசர் பெயர்கள் உள்ளன. அண்டியோகஸ், தாலமி, ஆன்டிகோனஸ், மகஸ், அலெக்சாந்தர். கி.மு. 256ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில் அண்டியோகசும் தாலமியும் சிரியாவுக்காக மோதிக்கொண்டிருந்தனர். மகஸ் தாலமிக்கு ஒரு தாய் வயிற்று அண்ணன். தம்பி மீதே முன்னர்ப் படையெடுத்தவர். அதே கல்வெட்டில் சோழரும் பாண்டியரும் இடம்பெறுகின்றனர். இரண்டாம் கல்வெட்டோ சேரரையும் சத்தியபுத்திரரையும் உடன் சேர்த்து, மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம், மூலிகை, கிணறு, நிழல்மரம் ஆகியவற்றைப் பேசுகிறது. சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் வாதிட்டனர். 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு, அவர் அதியமான் மரபினரே என்று தெளிவாக்கிற்று.

கி.மு. 217இல் ராபியாவில் இருவகை யானைகளும் நேருக்கு நேர் நின்றன. மூன்றாம் அண்டியோகசிடம் 102 இந்திய யானைகள். நான்காம் தாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானைகள். இந்திய யானையின் நாற்றத்தையும் பிளிறலையும் தாங்காமல் ஆப்பிரிக்க யானைகள் பின்வாங்கின என்கிறார் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். நமக்குப் பெருமையான செய்திதான். ஆனால் வென்றவர் தாலமி! அவருடைய காலாட்படை களத்தை மீட்டுத் தந்தது. அத்தனை செலவில் கடல் கடந்து கொணர்ந்த யானைகளால் பயனில்லாமற் போயிற்று.

துறைகள் மட்டும் எஞ்சின. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், செங்கடற்கரையில் குற்றுயிராய் ஒதுங்கிய இந்திய மாலுமி ஒருவனை அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டு சென்றனர். கிரேக்கம் கற்ற பின் அவன் கடல்வழி காட்ட, யூடோக்சஸ் என்பவர் இந்தியா வந்து நறுமணப்பொருளும் மணிகளும் ஏற்றிச் சென்றார். அவற்றையெல்லாம் மன்னரே எடுத்துக்கொண்டார் என்பது வேறு கதை. வழிகாட்டியவனின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பின்னர் எகிப்து உரோமரிடம் வீழ்ந்தது. ஆண்டுக்கு நூற்றிருபது மரக்கலங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்டிராபோ எழுதினார். முசிறியை அறிந்த செங்கடற் பெருவழிக் கையேடு, குமரிக்கு வடக்கே பலிதா என்னும் நல்ல துறையையும் குறிக்கிறது. இந்நகருக்குத் தெற்கேயுள்ள விழிஞமே அது என்று கருதும் அறிஞர் உண்டு. யானைக்காக எழுந்த பெரனிகேயின் கோயிலில், இந்தியத் தாழி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு கிடைத்துள்ளது.

மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் உங்கள் வீடுகளில், ஊரிலிருந்து எடுத்துச் சென்ற பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். அத்துறையிலும் அப்படித்தான். பெரனிகேயின் ஓடு ஒன்றில் தமிழ் எழுத்தில் கொற்றன். வடக்கேயுள்ள குசேர் அல் காதிம் துறையில் கண்ணன், சாத்தன். அங்கேயே கிடைத்த மற்றொரு பானை உடைசலில், கி.மு. முதல் நூற்றாண்டு எழுத்தில், ‘பானை ஒறி’ என்று இருபுறமும் எழுதப்பட்டுள்ளது. ஒறி என்பது, பூனைக்கு எட்டாமல் நம் பாட்டிமார் அடுக்களையில் கட்டித் தொங்கவிட்ட அதே உறிதான்.