கல்லூரிக்கு வழி பள்ளியிலே
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஏழைப் பிள்ளை ஒருவன் கல்லூரி காணாமல் நின்றுவிட்டால், "பணமில்லை, என் செய்வான்?" என்று இரங்குகிறோம். பணமின்மை பெருந்தடையே. ஆயினும், அவன் பயின்ற பள்ளி அவனுக்கு எவ்வழியைக் காட்டிற்று, எதைக் காட்டாது விட்டது என்று நாம் கேட்பதில்லை. அதனைக் கேட்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

நம்முள் மூத்தோர் பலர் பள்ளியிறுதித் தேர்வு எழுதியபின் கல்லூரியிற் புகுமுக வகுப்பில் சேர்ந்தவர்கள். எந்தப் பாடம் எடுப்பது என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்த அமைப்பையொட்டி, 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கே வந்தன. தில்லியிலும் இன்று அதே முறைதான். ஆகவே, கல்லூரியில் எதைப் படிக்கலாம் என்பது 15 வயதிலேயே, பள்ளிக்குள்ளேயே, பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அம்முடிவைச் செய்வது பிள்ளையின் அறிவு மட்டுமன்று. தில்லி அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வேறு பள்ளியை நாடுவான். மற்றவன் அருகிலுள்ள பள்ளியில் என்ன உண்டோ அதிற் சேர்வான்.

நம் காலனி வீடுகளில் வேலை செய்யும் அம்மையார் ஒருவரின் மகள் செவிலியராக விரும்பினாள். பள்ளியில் கிடைத்த கலைப்பிரிவிற் சேர்ந்தாள். செவிலியர் பட்டப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும் என்று அவள் அறிந்தது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னரே. "யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்றாள். பள்ளி சொல்லவில்லை, உண்மை. ஆனால் அவள் அன்னை ஆறாண்டுகளாக நம் வீடுகளுக்கு வருகிறார். மகள் என்ன படிக்கிறாள் என்று நாமும் கேட்கவில்லையே!

எட்டாம் வகுப்பில் தேசியத் திறன்வழி உதவித்தொகைத் தேர்வு ஒன்று உண்டு. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பயிலும், ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேற்படாத குடும்பப் பிள்ளைகள் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ. 12,000 பெறலாம். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேரப் பொது நுழைவுத் தேர்வும் வந்துவிட்டது. இவற்றை நினைவூட்டி விண்ணப்பிக்கச் செய்யும் ஆசிரியர் உள்ள பள்ளியும், அத்தகையோர் இல்லாத பள்ளியும் ஒரே பாடநூலைக் கற்பித்தாலும் ஒரே பயனைத் தருவதில்லை.

2025 ஜூன் 1ஆம் நாள் ஜங்புராவின் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. வீடு மாறினால் பள்ளியும் எட்டாத் தொலைவாகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எத்தகைய இழப்பு என்பதைப் பெற்றோர் அறிவர்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் மாலை இரண்டு மணி நேரம் சங்க அறையைத் திறந்து வைப்போம். எட்டு, பத்து, பன்னிரண்டு ஆகிய மூன்று வகுப்புப் பிள்ளைகளை அழைத்து, விண்ணப்பம் நிரப்புவோம். பாடத் தேர்வை விளக்குவோம். அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய நமக்கு இது அரிய செயலன்று. பொருள் கொடுக்க இயலாதோரும் நேரம் கொடுக்கலாம்.

அடுத்த ஆண்டு விழாவில் அப்பிள்ளைகளுள் ஒருவரேனும் இம்மேடையில் நின்று பேசட்டும்.