எலிக்கு அன்னதானம் போட்டுட்டு துப்பாக்கி தேடலாமா?

போன மாசம் வந்த கேள்விகள்லயே அதிகம் பேர் கேட்டது இதுதான்: "ப்ரோ, வீட்டுக் கொல்லையில பெருச்சாளி தொல்லை. ஏர் ரைஃபிள்ல தெர்மல் ஸ்கோப் மாட்டி ராத்திரியில சுடற வீடியோ பார்த்தேன். நம்ம ஊர்ல அது செட் ஆகுமா?"

எங்க வீடு வடலூர். வள்ளலார் 1867-ல தருமச்சாலை ஆரம்பிச்ச ஊர். அன்னிக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையலைன்னு சொல்லுவாங்க. உயிர்க்கொலை கூடாதுன்னு சொன்னவரோட ஊர்ல உட்கார்ந்து எலி சுடறதைப் பத்திப் பேசறோம். அதனால கொஞ்சம் பொறுமையாவே பேசுவோம்.

எலியை சும்மா விட்டுடலாம்னு நான் சொல்ல வரலை. ரெண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசி மழையில எங்க பெரியப்பாவுக்குக் காய்ச்சல். கெண்டைக்கால்ல தாங்க முடியாத வலி, கண்ணு சிவந்து போச்சு, அப்புறம் மஞ்சளாச்சு. எலிக்காய்ச்சல். எலியோட சிறுநீர் கலந்த தண்ணி, கால்ல இருக்கற சின்ன வெடிப்பு வழியா உள்ள போனாலே போதும். பெரியப்பா பிழைச்சுட்டார், ஆனா பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு விஷயம், எலி இருக்கற இடத்துக்குப் பாம்பு வரும். சாரை மட்டும்னா பரவாயில்லை, நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் அதே வாசனையைப் பிடிச்சுத்தான் வருது. அதனால எலியைக் குறைச்சே ஆகணும். எப்படின்னுதான் கேள்வி.

முதல்ல தெர்மல் ஸ்கோப். அது இருட்டுல வெளிச்சம் போட்டுப் பார்க்கற கருவி இல்லை. ஒவ்வொரு பொருளும் தன் சூட்டுக்கு ஏத்த மாதிரி அகச்சிவப்புக் கதிர் விடுது, அந்தக் கதிரைத்தான் சென்சார் படமா மாத்துது. எலி உடம்பு கிட்டத்தட்ட 37 டிகிரி. குளிர்நாட்டு ராத்திரியில தோட்டம் 5 டிகிரி இருக்கும்போது எலி பல்பு மாதிரி தெரியும். நம்ம ஊர்ல? மே மாசம் ஒன்பது மணிக்கும் காம்பவுண்டு சுவர் பகல் சூட்டைக் கக்கிட்டே இருக்கு. சுவர், சிமெண்ட் தரை, எலி எல்லாம் ஒரே சாம்பல் நிறமா கலந்துடும். விடியற்காலை மூணு மணிக்கு மேலதான் படம் தெளியும். ஜன்னல் கண்ணாடியை மூடிட்டு உள்ள இருந்து பார்க்கவும் முடியாது, கண்ணாடி அந்தக் கதிரை விடாது. விலை? ஸ்கோப் மட்டுமே லட்சத்தைத் தாண்டும்.

அடுத்தது, திரையில தெரியறது ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும்தான். அது பெருச்சாளியா மூஞ்சூறான்னு அது சொல்லாது. மூஞ்சூறு எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சி தின்னுட்டு நமக்கு ஓசியில வேலை செய்யற ஜீவன். பிள்ளையார் வாகனமும் அதுதான். பூனைக்குட்டியும் கோழிக்குஞ்சும் கூட அதே வெள்ளைப் பொட்டுதான்.

இப்போ குறி. ஸ்கோப் குழலுக்கு மேல சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துல உட்காரும். 20 மீட்டருக்குக் குறி சரிபண்ணி வச்சுட்டு, 5 மீட்டர்ல இருக்கற எலியைச் சுட்டா, குண்டு நீங்க பார்த்த புள்ளிக்கு சுமார் மூணு சென்டிமீட்டர் கீழே போகும். எலித் தலையே அவ்வளவு அகலம் இருக்காது. காயம்பட்டது வளைக்குள்ள போய் சாகும், ஒரு வாரம் வீடே நாறும். அந்த உயிர் படற வேதனை தனி.

சட்டம் என்ன சொல்லுது? 4.5 மில்லிமீட்டர் குண்டு, 20 ஜூலுக்குள்ள சக்தி இருக்கற ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்லை. கணக்கு போட்டுப் பாருங்க: அரை கிராம் ஈயக் குண்டுக்கு 20 ஜூல்னா நொடிக்கு 280 மீட்டர் வேகம். சிமெண்ட் சுவர்ல பட்டுத் தெறிச்சா எங்க போகும்? நம்ம வீடுகளுக்கு நடுவுல ஒரு சந்து, அந்தப் பக்கம் மாடியில யாரோ காத்துக்குப் படுத்திருப்பாங்க. தெர்மல்ல சுவருக்குப் பின்னாடி இருக்கற ஆள் தெரிய மாட்டாங்க. பிறர் உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி அஜாக்கிரதையா நடந்தா பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவு வரும். கேஸ் கிடக்கட்டும், ஒரு குழந்தையோட கண்ணு போனா என்ன பண்ணுவோம்?

சரி, நம்ம மண்ணுல எலியை எப்படிச் சமாளிச்சாங்க? டெல்டா வயல்ல மூங்கிலை வில்லா வளைச்சு வைக்கற தஞ்சாவூர் கிட்டி இருக்கு. கூலிக்குக் கிட்டி வைக்கவே ஆட்கள் இருக்காங்க. இருளர்கள் வளையைப் பார்த்தே உள்ள எலி இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க. வளையைத் தோண்டி எலியோட சேர்த்து, அது பதுக்கி வச்ச நெல்லையும் எடுப்பாங்க. முன்னாடியெல்லாம் மண்பானையில புகை மூட்டி வாயால ஊதுவாங்க. உதடு வேகும், நுரையீரல் கெடும். அதுக்குப் பதிலா கையால சுத்தற ஒரு இரும்புக் கருவி வந்தது, 2003-ல உலக வங்கிப் போட்டியில அந்தத் திட்டத்துக்குப் பரிசும் கிடைச்சது. டெக்னாலஜின்னா எனக்கு அதுதான் டெக்னாலஜி. விவசாயிங்க வயல்ல குச்சி நட்டு கூகை உட்கார இடம் பண்ணுவாங்க, மீதியை அது பார்த்துக்கும்.

அதனாலதான் விஷமும் வேண்டாம்ங்கறேன். விஷம் தின்ன எலியை ஆந்தை தின்னா ஆந்தையும் போயிடும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பேஸ்ட் மனுஷங்களோட கல்லீரலையே அழிச்சு எத்தனையோ உயிரை எடுத்திருக்கு. தமிழ்நாடு அரசு அதைத் தடை பண்ணினதே அதுக்காகத்தான். பசை அட்டை இன்னும் மோசம், எலி மணிக்கணக்கா துடிச்சுத்தான் சாகும்.

இப்போ முக்கியமான கணக்கு. வீட்டெலிக்கு கர்ப்பகாலம் மூணு வாரம். ஒரு ஈத்துல ஆறேழு குட்டி. ரெண்டு மூணு மாசத்துல குட்டிகளும் குட்டி போடும். நீங்க ராத்திரி ரெண்டு சுட்டாலும், சாப்பாடு அங்கேயே இருந்தா பக்கத்து வளைக்காரங்க குடிவந்துடுவாங்க. சர்வர்ல ஒரு ப்ராசஸைக் கொல்றோம், அதைத் திரும்பத் திரும்பக் கிளப்பி விடறதை அப்படியே விட்டுடறோம். அதே கதைதான்.

எங்க வீட்டுல செஞ்சதைச் சொல்றேன். கோழித்தீனியைப் பொழுது சாயறதுக்குள்ள எடுத்து மூடி போட்ட டின்ல வச்சோம். சோத்துப் பானை கழுவின தண்ணியைக் கொல்லையில ஊத்தறதை நிறுத்தினோம். விறகையும் தேங்காய் மட்டையையும் தரையில இருந்து ஒண்ணரை அடி உயரத்துல அடுக்கினோம். சாக்கடைக் குழாய் வாய்க்கு இரும்பு வலை. பென்சில் நுழையற ஓட்டை சுண்டெலிக்கு வாசல் மாதிரி, அதனால எல்லா ஓட்டையையும் கம்பிச்சுருள் திணிச்சு சிமெண்ட் பூசினோம். அப்புறம்தான் பொறி. எலி புதுசா எதைப் பார்த்தாலும் சந்தேகப்படும், அதனால பொறியை நாலஞ்சு நாள் செட் பண்ணாம, கருவாட்டை மட்டும் வச்சு, சுவர் ஓரமா விட்டோம். மூணு வாரத்துல பதினோரு எலி. அதுக்கப்புறம் கொல்லையில புது எலிப் புழுக்கை இல்லை. மொத்தச் செலவு ரெண்டாயிரத்துக்குள்ள.

பொறியில விழுந்ததும் உயிர்தானேன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஏரிக்கரையில விடச் சொன்னாங்க. ஏரிக்கரையிலயும் வீடு இருக்கும்மான்னு சொன்னேன். எனக்குக் கிடைச்ச பதில் இதுதான்: கொல்லாம இருக்க முடியாதுன்னா, கொல்ல வேண்டிய எண்ணிக்கையையாவது குறைக்கலாம். வள்ளலார் ஜீவகாருண்யத்தைப் பசியில இருந்துதான் ஆரம்பிச்சார். எலியும் பசிக்குத்தான் வருது. தினமும் ராத்திரி தெரியாமலே அதுக்கு அன்னதானம் போட்டுட்டு, காலையில துப்பாக்கி தேடறோம். இலையை எடுத்துட்டா விருந்தாளி பாதிப்பேர் வரவே மாட்டாங்க.

ஏர் ரைஃபிள் பிடிக்கும்னா ரேஞ்சுக்குப் போய் அட்டையைச் சுடுங்க, அருமையான விளையாட்டு. கொல்லைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் வாங்குங்க. மழைக்காலத்துல தேங்கின தண்ணியில வெறுங்காலோட இறங்காதீங்க. காய்ச்சலோட கெண்டைக்கால் வலி வந்தா, தண்ணியில நின்னதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.