தாதி மாணவரும் தலைகீழ் வகுப்பும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரு புதிய போதனா முறையும் அதைப்பற்றித் தாதி மாணவர் கொண்டுள்ள அபிப்பிராயமுமாகும்.

வகுப்பிலே விரிவுரை, வீட்டிலே பயிற்சி என்பது நாம் அறிந்த வழக்கம். இதனைப் புரட்டி, விரிவுரையை வீட்டிலே காணொளி மூலம் கேட்கவும், பயிற்சியை ஆசிரியர் முன்னிலையில் வகுப்பிலே செய்யவும் வைப்பதே தலைகீழ் வகுப்பு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலே, வூட்லண்ட் பார்க் என்னும் ஊரில் இரசாயனம் கற்பித்த ஜொனதன் பேர்க்மன், ஏரன் சாம்ஸ் என்னும் ஆசிரியர் இருவர், விளையாட்டுப் போட்டிகளுக்குச் சென்று பாடங்களைத் தவறவிட்ட மாணவர்களுக்காக 2007ஆம் ஆண்டளவில் தம் விரிவுரைகளைப் பதிவுசெய்யத் தொடங்கினர். அவர்களால் இம்முறை பிரபலமடைந்தது. பின்னர் தாதியர் கல்வியிலும் புகுந்தது.

தாதியர் கல்விக்கு இது ஏன் வேண்டும்? ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு நோயாளிக்கு 1,000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும். குழாயிலே 20 துளி விழுந்தால் ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு எத்தனை துளி? கணக்கின் முறையைக் காணொளியில் கண்டு விளங்கிக்கொள்வது எளிது. ஆனால், ஏறக்குறைய 42 துளி என்று கணித்து, மணிக்கூட்டைப் பார்த்துத் துளிகளை எண்ணிச் சரிசெய்யும்போதுதான் கை தடுமாறும். அப்பொழுதே ஆசிரியர் பக்கத்தில் நிற்கவேண்டும். தவறு வகுப்பிலே நேர்ந்தால் அது பாடம். நோயாளர் விடுதியிலே நேர்ந்தால் ஓர் உயிருக்கு ஆபத்து.

இனி, மாணவர் கூறுவதென்ன? அமெரிக்காவில் 589 தாதி மாணவரிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று மூன்று முறைகளை ஒப்பிட்டது: விரிவுரை மட்டும், விரிவுரையோடு அதன் பதிவும், தலைகீழ் வகுப்பு. பரீட்சையில் கூடிய புள்ளி பெற்றவர் தலைகீழ் வகுப்பினரே. ஆனால் திருப்தி குறைந்தவரும் அவர்களே!

இது விந்தையன்றோ? காணொளியை நிறுத்தி மீண்டும் பார்க்கலாம், வகுப்பிலே தாராளமாக ஐயம் கேட்கலாம் என்று இம்முறையைப் புகழும் மாணவர் உளர். வேலை பெருகிவிட்டது, ஆசிரியர் செய்யவேண்டியதை நாமே செய்கிறோம், ஆயத்தமின்றி வருவோரால் குழுவேலை கெடுகிறது என்று குறைகூறுவோரும் உளர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிக மாணவரிடையே நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்று இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. தாமே முயன்று கற்றவர் கூடுதலாகக் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே எண்ணினர். நல்ல விரிவுரையைக் கேட்டிருக்கையில் எல்லாம் விளங்கிவிட்டதுபோலத் தோன்றும்; முயன்று கற்கையில் நம் அறியாமை நமக்கே தெரியும். அது இனிப்பதில்லை.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கால்பங்குதான் கிட்டும். உடன் கற்பவரோடு பயில்வதால் இன்னொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் மற்றை அரைப்பங்கும் நிறையும் என்பது பவணந்தி முனிவர் நன்னூலிலே காட்டும் கணக்கு. அந்த முக்காற் பங்குக்கு வகுப்பு நேரத்தைக் கொடுப்பதே தலைகீழ் வகுப்பின் நோக்கமாகும்.

ஆயினும், மாணவரின் முறைப்பாட்டைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. தாதி மாணவருக்குப் படிப்பும் உண்டு, விடுதியிலே பணியும் உண்டு. பகலெல்லாம் நின்ற கால்களோடு இரவிலே ஒரு மணித்தியாலக் காணொளி பார் என்றால் எவ்வாறு இயலும்? விரிவுரை நேரத்தைக் குறைக்காமல் காணொளியையும் மேலே ஏற்றினால், அது வகுப்பைப் புரட்டுவதன்று. மாணவர் முதுகில் இன்னொரு சுமை வைப்பதாகும். காணொளி சுருக்கமாயிருக்கவேண்டும். அதனைப் பார்க்கும் நேரம் பாடநேரத்திலேயே ஒதுக்கப்படவேண்டும். தரவுக்குப் பணமில்லாதவருக்கு அச்சிட்ட குறிப்பாவது கிடைக்கவேண்டும். யாவற்றிலும் மேலாக, வகுப்பிலே ஆசிரியர் மேசையை விட்டு எழுந்து மாணவரிடையே உலாவவேண்டும்.

ஆகவே, ஆசிரியர்களிடம் நாம் கேட்பது நேரமும் துணையும்; மாணவ நண்பர்களிடம் கேட்பது ஆயத்தமும் பொறுமையும். பெரியோர்களே, வீட்டிலே பிள்ளை கைத்தொலைபேசியும் கையுமாக இருந்தால், கோபிக்குமுன் என்ன பார்க்கிறாய் என்று ஒருமுறை கேளுங்கள், பாடமாகவும் இருக்கக்கூடும். நாளை நம் கட்டிலருகே நிற்கப்போகிறவர், கேட்டறிந்தவராக மட்டுமன்றிச் செய்தறிந்தவராகவும் இருத்தல் நம் எல்லோருக்கும் நலம்.