பல்கலைக்கழகக் கட்டிடங்களும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் சங்கத்தின் பெருமையைப் பேசுவது மரபு. எமக்கு முன் பேசியவர்கள் அதனைக் குறைவறச் செய்துவிட்டார்கள். ஆகையால் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். பல்கலைக்கழக வளாகங்களில் எழும் புதிய கட்டிடங்களைப் பற்றியும், அங்கே புதுப்பிக்கப்பெறும் பழைய ஆய்வுக்கூடங்களைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறோம். ‘கட்டிடங்களைப் பற்றிப் பேசப் பொறியாளர்கள் இருக்கிறார்களே, பள்ளித் தலைமையாசிரியருக்கு அதில் என்ன வேலை?’ என்று சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

எம் தாயார் சித்தாளாக வேலை செய்தவர். எமது சிறு வயதில் வெளியூரில் ஒரு கல்லூரிக்குக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. விடுமுறை நாள்களில் அவருக்கு மதியக் கஞ்சி கொண்டு செல்வது எமது வேலை. தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் கலவைச் சட்டியை ஏற்றிக்கொண்டு, சாரத்தின் வழியே அவர் ஏறி இறங்குவதைக் கீழே நின்று பார்ப்போம். ஒருநாள், “இந்தக் கட்டிடத்துல என்னம்மா பண்ணுவாங்க?” என்று கேட்டோம். “தெரியாதுப்பா. மேஸ்திரி காட்டுற இடத்துல கொட்டுறதுதான் நம்ம வேலை” என்றார். அது வேதியியல் ஆய்வுக்கூடம் என்பதனைப் பிற்காலத்தில் அறிந்தோம். தம் வாழ்நாள் முடியும்வரை அவர் அதனுள் சென்றதில்லை. அவரை யாரும் தடுக்கவில்லை. யாரும் அழைக்கவும் இல்லை.

இங்குக் கூடியிருப்போரில் பலருக்கு இத்தகைய தாயோ தந்தையோ இருந்திருப்பர். சுவரை எழுப்பிய கைகள் நம்முடையவை. அச்சுவர்களுக்குள்ளே சோதனைக் குழாயைப் பிடிக்கும் கைகளும் நம் பிள்ளைகளுடையவையாக வேண்டும் என்பதே இன்று யாம் சொல்ல வந்த செய்தி.

நெய்வேலியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்றால் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் சிதம்பரம் உள்ளது. சிதம்பரம் என்றவுடன் நம் மக்களுக்கு நினைவுக்கு வருபவர் நந்தனார். தில்லையின் எல்லையில் நின்று, உள்ளே புக இயலாமல் உருகியவர், தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுக்குள் சென்றார் எனப் பெரிய புராணம் கூறும். அதே ஊரில் 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகசானந்தர் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் நிறுவி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியை ஏற்படுத்தினார். தீயில் இறங்காமலே நம் பிள்ளைகள் உள்ளே செல்லத்தக்க வாயில் ஒன்றை அவர் அங்கே திறந்து வைத்தார் எனலாம். சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அப்பெரியார் 1959-இல் மறைந்தார்.

நந்தனார் பள்ளி தொடங்கி நான்கு ஆண்டுகள் கழித்து, 1920-இல் அண்ணாமலைச் செட்டியார் அவ்வூரில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அக்கல்லூரியை அடிப்படையாகக் கொண்டு 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த ஊரில் நம் பள்ளி பல்கலைக்கழகத்திற்குப் பதின்மூன்று ஆண்டுகள் மூத்தது. ஆயினும் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் வரை நடந்து சென்றவர்கள் நம்முள் எத்தனை பேர்? இதனை நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அப்பல்கலைக்கழகம் தலைமுறைதோறும் வளர்ந்தது. 1945-இல் பொறியியல் வந்தது. 1958-இல் வேளாண்மை வந்தது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தருகே கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் உருவாயிற்று. 1979-இல் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வியால், நம் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் முறை மாறி வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற்றோர் இந்நகரில் பலர். 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி எழுந்தது. 2013-இல் தனிச் சட்டம் ஒன்றின் வாயிலாகத் தமிழ்நாடு அரசு இப்பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

இந்த வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை இளைஞர்கள் கருத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அரசு பொறுப்பேற்ற பின்னரும் அம்மருத்துவக் கல்லூரியின் கட்டணம் பிற அரசு மருத்துவக் கல்லூரிகளைக் காட்டிலும் பன்மடங்கு கூடுதலாகவே இருந்து வந்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் அறப்போராட்டம் தொடங்கினர். அது ஐம்பது நாள்களுக்கு மேல் நீடித்தது. 2021-இல் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் கொண்டுவரப்பட்டு, அரசுக் கல்லூரிக் கட்டணமே பெறப்படும் என்று ஆணை பிறந்தது. அந்த ஆணைக்கு முன்னும் பின்னும் கட்டிடம் ஒன்றுதான். ஒரு செங்கல்லும் மாறவில்லை. ஆனால் கூலித் தொழிலாளியின் மகள் அதன் படிகளில் ஏறலாமா கூடாதா என்பது மாறிவிட்டது. எனவே ஒரு கட்டிடத்தைக் காணும்போது அதன் உயரத்தையும் கண்ணாடியையும் மட்டும் பார்த்து வியந்து நில்லாதீர்கள். அதனுள் செல்ல என்ன கட்டணம், எத்தனை இடம், எவருக்கு உதவித்தொகை என்று கேளுங்கள்.

அண்மைக் காலத்தில் நாடெங்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் புதிய கட்டிடங்கள் எழுவதற்கு ஒரு காரணம், 2013-இல் நடுவண் அரசு மாநிலங்களுடன் இணைந்து தொடங்கிய தேசிய உயர்கல்வித் திட்டமாகும். ரூசா என்று அதனைச் சுருக்கமாக அழைப்பர். கட்டமைப்புக்காக அத்திட்டத்தில் வழங்கப்பெற்ற பணத்தில் 35 விழுக்காடு புதிய கட்டிடத்திற்கும், 35 விழுக்காடு பழையவற்றைப் புதுப்பிப்பதற்கும், 30 விழுக்காடு கருவிகளுக்கும் என வகுக்கப்பட்டிருந்தது. இது நல்ல பங்கீடே. கருவியற்ற கட்டிடம் வெறும் கூடாரம். ஆனால் கருவி இருந்தும் அதனைக் கையாளும் மாணவன் பேருந்துக் கட்டணத்திற்கும் விடுதி உணவிற்கும் வழியின்றி இடையில் நின்றுவிட்டால், அக்கருவியால் அவனுக்கு என்ன பயன்? அவனைத் தாங்கும் பொறுப்பு உதவித்தொகைகளுடையது. உதவித்தொகை எட்டாத இடத்தில் நம் போன்ற சங்கங்களுடையது.

ஆய்வுக் கட்டிடம் என்பது வகுப்பறைக் கட்டிடத்தைப் போன்றதன்று. வகுப்பறைக்குக் காற்றும் வெளிச்சமும் கரும்பலகையும் இருந்தால் ஒருவாறு போதும். ஆய்வுக்கூடத்திலோ நச்சுப் புகையை உடனுக்குடன் வெளியேற்றும் அமைப்பு வேண்டும். இடையறாத மின்சாரம் வேண்டும். மின்னணு நுண்ணோக்கி போன்ற கருவிகள் சிறு அதிர்வையும் தாங்கமாட்டா. ஆதலின் அவற்றைப் பெரும்பாலும் தரைத்தளத்தில் உறுதியான அடித்தளத்தின்மேல் வைப்பர். பழைய கட்டிடத்தைப் புதுப்பிப்பது என்றால் வெள்ளையடிப்பது என்று நாம் நினைக்கிறோம். மின்கம்பிகளை மாற்றுவதும், கழிவு நீருக்குத் தனி வழி அமைப்பதும், மாற்றுத்திறனாளி மாணவர் சக்கர நாற்காலியில் ஏறிச் செல்லச் சாய்தளம் கட்டுவதும் அதில் அடங்கும். இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும். காணாத ஒன்றின்மேல் ஆசை பிறப்பதில்லை.

‘ஆராய்ச்சி நமக்கு எதற்கு? வயிற்றுப்பாட்டுக்கு வழி பார்க்க வேண்டாமா?’ என்பாரும் உண்டு. அவர்களுக்கு நெய்வேலியையே விடையாகக் காட்டுவோம். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1961-இல் மண்ணுக்கடியிலிருந்து பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். எரிந்த நிலக்கரியின் சாம்பல் இன்று சாம்பல் செங்கல்லாகி எத்தனையோ கட்டிடங்களின் சுவராகிறது. சுரங்கத்திற்காக இடம்பெயர்ந்த ஊர்களில் நம் மக்களின் தெருக்களும் இருந்தன. 1894-ஆம் ஆண்டின் பழைய நில எடுப்புச் சட்டம் நிலத்தின்மேல் உரிமை உடையவரையே கண்டது. அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தவரைக் காணவில்லை. நிலமற்ற உழைப்பாளியின் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று ஏற்றுக்கொண்ட சட்டம் 2013-இல்தான் வந்தது.

இறைத்த நீரால் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு என்ன நேர்கிறது? தோண்டிக் குவித்த மண்மேட்டில் எப்பயிர் விளையும்? சாம்பல் தூசி தொழிலாளியின் நுரையீரலை என்ன செய்கிறது? இக்கேள்விகளுக்கு விடை காண்பது ஆராய்ச்சி. அத்தூசியைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகளைக் காட்டிலும் இக்கேள்விகளை அக்கறையோடு கேட்கத் தகுந்தவர் யார்? நம்மைப் பற்றிப் பிறர் எழுதும் ஆய்வேடுகளில் நாம் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெற்றால் போதாது; எழுதுவோராகவும் இடம்பெற வேண்டும்.

இவ்விடத்தில் எம் குற்றம் ஒன்றினையும் உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் இயற்பியலில் இளநிலைப் பட்டம் நல்ல மதிப்பெண்களுடன் பெற்றுவந்தான். முதுநிலை முடித்து ஆராய்ச்சி செய்ய விரும்புவதாகக் கூறி எம் கருத்தைக் கேட்டான். அவன் தந்தை ஒப்பந்தத் தொழிலாளி, தங்கைகள் இருவர். “ஆராய்ச்சியெல்லாம் நமக்கு எட்டாக்கனி தம்பி. கிடைக்கிற வேலையில் சேர்ந்துகொள்” என்று யாம் அறிவுரை கூறினோம். அவனும் அவ்வாறே செய்தான். அண்மையில் வழியில் கண்டபோது, “ஐயா, அன்னைக்கு நீங்க போன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன்” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எமக்கு அவ்வளவு வலித்திராது. ஆய்வு மாணவர்க்கு உதவித்தொகைகள் உண்டு என்பதனை அன்று விசாரித்துச் சொல்ல வேண்டியவர் யாம், விசாரிக்கவில்லை. அவன் முன்னிருந்த கதவை யாமே சாத்தினோம்.

அண்ணல் அம்பேத்கர் இவ்வாறு நினைத்திருந்தால் நாம் இன்று எங்கே இருப்போம்? அவர் 1913-இல் கொலம்பியாவுக்குச் சென்றார்; பின்னர் இலண்டனிலும் பயின்று உயரிய ஆய்வுப் பட்டங்களைப் பெற்றார். தாம் பெற்றதோடு நின்றாரில்லை. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950-இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியாக மலர்ந்த கல்லூரியையும் தோற்றுவித்தார். தொடக்கப் பள்ளி போதும் என்று அவர் நிறுத்திவிடவில்லை. உயர்கல்வியின் உச்சியிலும் நம் இடம் உறுதிப்பட வேண்டும் என்பதே அவர் செயலால் உணர்த்திய பாடம்.

நாடு தழுவிய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22-ஆம் ஆண்டில் உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் பொதுவாக 28.4 ஆகவும், பட்டியல் இனத்தாரிடையே 25.9 ஆகவும் இருந்தது. இடைவெளி குறைந்து வருகிறது, மகிழ்ச்சியே. எனினும் இது கல்லூரியில் சேர்ந்தவர்களின் கணக்கு. ஆய்வுக்கூடத்தின் கடைசி மேசை வரை சென்றவர்களின் கணக்கு இதில் தெரியாது. அதனைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நம்முடையது.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஆண்டுதோறும் பதினோராம் வகுப்பு மாணவரை அவர்தம் பெற்றோருடன் சிதம்பரத்திற்கு அழைத்துச் சென்று, உரிய அனுமதியுடன் ஆய்வுக்கூடங்களைக் காட்ட வேண்டும். பெற்றோர் உடன்வருதல் இன்றியமையாதது. கட்டிடம் கட்டப் போனவர்கள் ஒருமுறையேனும் விருந்தினராக உள்ளே செல்லட்டும். இரண்டாவது, சங்கத்தின் உதவி நிதியில் ஒரு பகுதியை முதுநிலை, ஆய்வு மாணவர்க்கென ஒதுக்க வேண்டும். அரசின் உதவித்தொகை வந்து சேரும்வரை உள்ள மாதங்களில்தான் நம் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள். அந்த மாதங்களுக்குக் கடனாகக் கொடுத்தாலும் போதும். மூன்றாவது, பட்டியல் இன ஆய்வாளர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகை, தமிழ்நாடு அரசு முழுநேர ஆய்வாளர்க்கு வழங்கும் ஊக்கத்தொகை ஆகியவற்றின் விவரங்களைச் சங்க அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும். எம்மைப் போன்ற அறியாத ஆசிரியரின் சொல்லை நம்பி இன்னொரு பிள்ளை திரும்பிப் போகலாகாது. நான்காவது, புதிய ஆய்வுக் கட்டிடம் திறக்கப்படும்போதெல்லாம், அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்க வேண்டும். இதில் பகை ஏதுமில்லை. பொதுப் பணத்தில் எழுந்த கட்டிடத்தைப் பற்றிப் பொதுமக்கள் கேட்கும் கேள்வியே அது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் ஒருநாள் ஆய்வுக்கூடம் ஒன்றின் சாவியைக் கையில் வாங்குவீர்கள். அன்று உள்ளே நுழையுமுன் அச்சுவரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அதனை எழுப்பக் கலவை சுமந்தவருள் உங்கள் பாட்டியும் இருந்திருக்கலாம். அவர் எவ்விடத்தில் கொட்டினாரோ அவ்விடத்தில் நீங்கள் அமர்ந்து ஆராய வேண்டும் என்பதே எம் விருப்பம்.



வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!